பொங்கல் அடுப்புகளுக்கு நடுவே எங்கள் வெந்நீர் வண்டி

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் நாலு, நாலரை மணி நேரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடலாம். நாங்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஊருக்குள் கரமனை போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு. வண்டி அப்படி. நாற்பது வயதான மினிபஸ். ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாமுக்குப் போய்வந்தது. பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, திரும்பி நிற்க இடமில்லாத ஒரு குளியலறை எல்லாம் அவரே செய்தது. குளியலறைச் சுவரில் இருந்த ஹீட்டர் மட்டும் என் நிபந்தனை. பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னால் நான் எந்த ஊருக்கும் வரமாட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு டீ, களியக்காவிளையில் ஒரு டீ, பாலராமபுரத்தில் முக்கால் மணி நேர நெரிசல். மறுநாள் ஆற்றுக்கால் பொங்கல். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: அம்மன் கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு தெரு விடாமல் பெண்கள் செங்கல் அடுக்கிப் பானை வைப்பார்கள். கோயில் அடுப்பு பற்றியது என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஊர் முழுக்க அடுப்பு எரியும். நானும் ஒரு பானை வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தியதும் ஆட்டோவில் பழவங்காடிக் கடைத்தெரு வரை போய்ப் பானையும் அகப்பையும் வாங்கி வந்தேன். பானை நூற்றெண்பது சொன்னான், நூற்றைம்பதுக்குக் கொடுத்தான்.

கரமனை அக்ரஹாரத்தில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் விசாலம் மாமியுடையது. தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் பார்த்து வைத்திருந்தார்.

“வாங்கோ. ஆத்துல காலு வைக்க எடமில்லை, அத்தனை பேர் வந்திருக்கா. நீங்க வீட்டையே ஓட்டிண்டு வந்துட்டேள்” என்று சிரித்தார்.

மாலை ஆறு மணி. மாமி வீட்டிலிருந்து மூன்று கம்பி வயர் இழுத்து வண்டிக்குக் கரண்ட் எடுத்தோம். ஹீட்டரைப் போட்டதும் மாமி வீடு மொத்தமும் இருண்டது. அந்த வீட்டில் மின்கசிவு இருந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்று இருந்தது. தூக்கிவிட்டோம், மறுபடி விழுந்தது. இன்னொரு முறை தூக்கினோம், அப்போதும் விழுந்தது.

“மன்னிச்சுக்கோங்கோ, குழந்தைகள் எல்லாம் இருட்டுல அழறதுகள். ஹீட்டர் வேண்டாமே” என்றார் மாமி.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு வெந்நீர் வேண்டுமே. இவருக்கோ தன் வேலையை ஒரு சுவிட்ச் குறை சொல்வது பொறுக்கவில்லை.

“அவுங்க வீட்டு சுவிட்சுல கோளாறு. ஹீட்டர் எர்த்த நான் வண்டி பாடியில நல்லா முறுக்கி வச்சிருக்கேன்” என்றார்.

வாழ்நாளெல்லாம் பேட்டரி வண்டிகளோடு கிடந்தவர். பஸ்ஸில் எல்லாக் கம்பியும் வண்டியின் இரும்போடு முடிந்துவிடும். அந்த நினைப்பிலேயே இதையும் முடித்திருந்தார். நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிற இரும்புக்கும் தரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. தெருவில் பொங்கலுக்காகப் பந்தல் போட்டு, ட்யூப் லைட்டுக்கும் மைக் செட்டுக்கும் தற்காலிக லைன் இழுத்திருந்தார்கள். அதில் வெறும் இரண்டு கம்பி. எர்த் இல்லை, அணைக்கும் சுவிட்சும் இல்லை. பந்தல்காரரிடம் சொல்லிவிட்டு இவர் இரண்டு கம்பி பிளக்கை மாட்டி அதில் சொருகினார். ஹீட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சுட்டது.

“பாத்தியா?” என்றார். பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலை நான்கரைக்கு வண்டிக்குள் ஆவி பறக்கக் குளித்தேன். ராணி மாதிரி இருந்தது. வெளியே வந்து பார்த்தால் தெருவில் தார் தெரியவில்லை. எங்கள் வண்டியை ஒட்டியே நாலைந்து பேர் செங்கல் வைத்துவிட்டார்கள், அதன் நிழலுக்காக. எனக்கு அடுத்த அடுப்பு செல்வராணியுடையது. போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள், முப்பது வயது இருக்கும். முந்தின நாள் பஸ் பிடித்து வந்து தெருவிலேயே படுத்திருக்கிறாள்.

“வண்டிய எடுக்க மாட்டீங்கல்ல, அக்கா? நெழலு இல்லைன்னா உச்சி வெயிலு தாங்காது கேட்டோ” என்றாள். எடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

பத்தரை மணி வாக்கில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எல்லா அடுப்பும் பற்றியது. ஓலை எரிகிற புகையில் கண் திறக்க முடியவில்லை. முன்னால் பின்னால் பக்கத்தில் எங்கும் நெருப்பு. ஒரு அடுப்புக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு பாதம் வைக்கத்தான் இடம். எல்லோரும் வெறுங்கால்.

செல்வராணி எழுந்திருக்க வண்டிப் படியில் கை ஊன்றினாள். உடனே கையை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். அவள் முகம் மாறியது.

“அக்கா, இங்க தொட்டுப் பாருங்க. சுருசுருன்னு கைக்குள்ள ஏறுது” என்றாள் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. “அம்மை பக்கத்துல வந்து நிக்குறா.”

நான் தொட்டேன். ஒன்றும் இல்லை. என் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அடுப்புப் பக்கம் செருப்போடு நிற்கிறோமே என்று கழற்றிவிட்டு மறுபடி, படியோரக் கைப்பிடியைத் தொட்டேன். முழங்கை வரை வெடுக்கென்று இழுத்தது. அது அம்மன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இவரைக் கூப்பிட்டேன். செருப்போடு வந்தார், சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைக் கைப்பிடியில் வைத்தார். எரிந்தது. வண்டிக்குள் ஏறி ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் எரிந்தது. முப்பது வருஷத்தில் அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

“ரெண்டு கம்பி பிளக்கு. திருப்பிச் சொருகியிருக்கேன் போல. சுவிட்ச அணைச்சாலும் ஹீட்டருக்குள்ள கரண்டு நிக்குது. காயில் எங்கயோ விட்டிருக்கு, பாடி பூரா வருது” என்றார்.

அப்போதுதான் புரிந்தது. உள்ளே குளித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குள் எல்லாம் ஒரே கரண்டில் மிதந்துகொண்டிருந்தது. தரையில் நின்று தொடுகிறவளுக்குத்தான் ஆபத்து. இதுவரை தார் காய்ந்து கிடந்ததால் சுருசுருப்போடு போயிற்று. அந்த நேரத்தில்தான் தெருக்கோடியைப் பார்த்தேன். கால் சுடாமல் இருக்கட்டும் என்று தொண்டர்கள் குழாயால் ரோட்டை நனைத்துக்கொண்டே வந்தார்கள். செல்வராணிக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணும் வண்டியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“வயர அறுத்துருங்க” என்றேன்.

“அறுத்தா உயிரோட இருக்கிற முனை இவுங்க தலையில விழும். பந்தல்லதான் பிடுங்கணும்.”

பந்தல் ஐம்பது அடி தள்ளி. நடுவில் முழுக்க நெருப்பு. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கரண்ட் என்று ஒருத்தி அலறினால் போதும். எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தால் பருத்திப் புடவைகள் நெருப்பில் விழும்.

செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டிக்கும் செல்வராணிக்கும் நடுவில் போய் நின்றேன். நீட்டிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அந்தப் பெண் என் செருப்பைப் பார்த்தாள். “சேச்சி, செருப்போ?” என்றாள் கோபமாக.

“செல்வராணி, இந்த வண்டிய யாரும் தொடக் கூடாது. ஏன்னு அப்புறம் சொல்லுதேன். நீ மலையாளத்துல சொல்லிவிடு. மைக் செட்காரர் லைனை முழுசா அணைக்கணும்னு ஒவ்வொருத்தரா அங்க வரைக்கும் சொல்லட்டும். உன் காலப் பிடிக்கேன், சத்தம் போடாம சொல்லு.”

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு முன்னாலிருந்தவளின் தோளைத் தொட்டுச் சொன்னாள். அவள் அடுத்தவளிடம். அகப்பையைக் கையில் பிடித்தபடி தலையை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனார்கள். இவர் சுவரோரமாக, பானைகளைத் தாண்டித் தாண்டிப் பின்னாலேயே போனார். நாலு அடுப்புக்கு ஒரு தடவை நின்று வழி கேட்க வேண்டியிருந்தது. இவர் பந்தலை எட்டுவதற்குள் குழாய்த் தண்ணீர் எங்களிடம் வந்துவிடும் போல இருந்தது. யாரோ அரிசி களைந்த தண்ணீரைக் கவிழ்த்தார்கள். அது என் செருப்பைச் சுற்றிக்கொண்டு வண்டிப் படியின் அடியில் போய் நின்றது. செல்வராணியின் கால் அதில்தான் இருந்தது. வண்டியில் முதுகு படாமலும், அவள் முன்னே சாயாமலும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேண்டுதலெல்லாம் மறந்துபோயிற்று. அம்மன் பாட்டு காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது.

தெருவே நிமிர்ந்து பந்தலைப் பார்த்தது. “எந்து பற்றி?”, என்ன ஆயிற்று என்று எங்கும் முணுமுணுப்பு. எனக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் இவர் எங்கள் வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பாட்டு மறுபடி தொடங்கியது. டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. எனக்குக் கொடுத்து என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு தண்ணீர் வந்து எங்கள் பாதங்களை நனைத்தது. நன்றாகத்தான் இருந்தது.

மாலை மூன்றரை. பானைகளில் தீர்த்தம் தெளித்தாகிவிட்டது. மாமியிடம் நடந்ததைச் சொன்னேன். “எங்காத்து சுவிட்ச் மூணு தரம் சொல்லித்தே” என்றார், அவ்வளவுதான். இவர் வண்டியின் குளியலறைச் சுவரிலிருந்து ஹீட்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார். பூமியோடு சேர்ந்த மூன்றாவது கம்பியும் கசிவுக்கு அணையும் சுவிட்சும் இல்லாத இடத்தில் இனி அது மாட்டப்படாது. இரண்டும் இருக்கிற இடம் கிடைக்கும்வரை பச்சைத் தண்ணீர்தான்.

கிளம்பும்போது செல்வராணி இலையில் பாயசம் கொண்டுவந்தாள். நல்ல நிழல் கொடுத்ததற்காம். நீட்டிவிட்டு, வண்டிப் படியில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். இரண்டு கையையும் வைத்தாள்.

“இப்ப ஒண்ணும் இல்லியே அக்கா. போயிட்டாளா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு வண்டியேறியிருக்கலாம். அவள் கொடுத்த பாயசம் என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது; பொய் வரவில்லை.

“அது அம்மன் இல்ல, செல்வராணி. கரண்டு. எங்க ஹீட்டர்ல இருந்து வந்தது, எங்க தப்பு. ரோடு நனைஞ்சிருந்தா உன்னைக் கொன்னுருக்கும்.”

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நின்றேன், பட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“கொல்லலியேக்கா” என்றாள்.