கண் திறந்திருந்த முகம்

மலாயாவில், லுக்குட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் வாசலுக்கு அடிக்கடி போலீஸ் ஜீப் வரும். வந்தால் தாத்தாவை ஏற்றிக்கொண்டு போகும். நான் அப்போது சின்னப் பெண். பொழுது சாய்வதற்குள் தாத்தா திரும்பிவிடுவார், ஆனால் வீட்டுக்குள் வரமாட்டார். பொதுக்குழாயடியில் உட்கார்ந்து சவுக்காரம் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

தாத்தா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். கோவில் சிலைகளுக்கு வண்ணம் தீட்டுவதும் சுவரில் சாமி படம் எழுதுவதும் ஊரிலிருந்தே கூட வந்த தொழில். அந்தச் சுவரைப் பார்த்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவன் அவரை வேறு வேலைக்குப் பிடித்துக்கொண்டான். காட்டில் சுட்டுக் கொன்ற கம்யூனிஸ்டுகளின் உடல்களை லாரியில் கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷன் திடலில் போடுவார்கள். ஊதிப்போன முகங்களைப் போட்டோ பிடித்துப் பயனில்லை. உயிரோடிருந்தபோது எப்படி இருந்திருப்பான் என்று பார்த்துத் தாத்தா வரைய வேண்டும். அந்தப் படத்தைத் தோட்டம் தோட்டமாகக் காட்டி விசாரிப்பார்கள். ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டால் அவன் குடும்பம் தொலைந்தது. தடுப்பு முகாமுக்குப் போகும், இல்லையென்றால் கப்பலேற்றி நாடு கடத்திவிடுவார்கள்.

பிணத்தை வரைகிற கை சாமியைத் தொடக்கூடாது என்று கோவிலில் சொல்லிவிட்டார்கள். தாத்தா அதன் பிறகு கோவில் வேலைக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே செத்துப்போனார். கோவிலைப் பிறகு இடித்துக் கட்டினார்கள். அவர் கைபட்டது என்று சொல்ல ஒரு கிழிசல் காகிதம்கூட எங்களிடம் இல்லை.

படங்களை அந்த அதிகாரி தன் நாட்டுக்கு எடுத்துப்போனதாக அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்தில் இருக்கும் என் மகளை வைத்துக்கொண்டு அங்குள்ள ராணுவ அருங்காட்சியகங்களில் விசாரிக்க ஆரம்பித்தேன். பல இடங்களில் இல்லை என்றார்கள். சிலர் பதிலே போடவில்லை. கடைசியில், ஒரு சின்ன ஊரிலிருந்து, மலாயாவில் இருந்த அதிகாரி ஒருவரின் குடும்பம் கொடுத்த பெட்டி ஒன்று இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது.

நேரில் போனேன்; அருங்காட்சியக மாடி அறையில் பயங்கரக் குளிர். கையுறை போட்ட பெண் ஒருத்தி ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தாள். 'கொல்லப்பட்ட பயங்கரவாதிகள். வரைந்தவர்: தோட்ட இந்தியர்' என்று பெட்டியில் எழுதியிருந்தது. தாத்தா தாளில் வரைந்ததை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. பதினாறு வயதுகூட நிரம்பாத ஒரு சீனப் பெண்ணின் நெற்றியோரம் கொண்டை ஊசியைக்கூட விடாமல் வரைந்திருந்தார். எல்லா முகங்களுக்கும் கண் மூடியிருந்தது. அதை மட்டும் அவர் திறக்கவில்லை.

ஒரே ஒரு தாளில் மட்டும் ஓர் இளைஞன் கண் திறந்து நேராகப் பார்த்தான். 'அடையாளம் தெரியாத இந்தியர்' என்று கீழே குறிப்பு. என் அப்பாவின் சாயல் அப்படியே இருந்தது. பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்பாவும் இல்லாத நிலையில், அந்தக் காலத்து ஆளாக மிஞ்சியிருந்தது அத்தை மட்டும்தான். சிரம்பானில் மகன் வீட்டில் இருந்தார். படத்தை மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எங்க பெரியண்ணன்மா இது," என்றார்.

"சயாமுக்குப் போன பெரியப்பாவா?"

"ஆமா."

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அங்கேயே செத்துப்போனார் என்று மட்டும் தெரியும். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

"செத்து அத்தனை வருஷம் கழிச்சு அவரு படம் எப்படி அத்தே இந்தப் பெட்டிக்குள்ள வந்துச்சு?"

அத்தை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

"அன்னிக்குத் திடல்ல கெடந்தது நம்ம பக்கத்து வீட்டுப் பையன்மா. யூனியன்ல இருந்து காட்டுக்கு ஓடுனானே, அவன். எங்க அப்பாவுக்குப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. அவன் மொகத்த வரைஞ்சா அவுங்க வீடே போயிரும். வேற யாரு மொகத்தையாச்சும் போட்டா அந்த ஆளப் புடிப்பான். இனிமே யாரும் புடிக்க முடியாத மொகமா பாத்து வரைஞ்சாரு. வந்து எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு."

"நம்ம தோட்டத்துல காட்டலியா?"

"காட்டாம விடுவானா? காலையில வேலைக்கு ஆளு கணக்கெடுக்குற பெரட்டுல எல்லாரையும் நிக்க வெச்சு ஒவ்வொருத்தர்கிட்டயும் நீட்டுனான். எல்லாருக்கும் அண்ணனத் தெரியும். கங்காணிக்கும் தெரியும். ஒருத்தர் விடாம, தெரியாது தொரைன்னுட்டாங்க."

"அந்தப் பையனோட அம்மா?"

"அவுங்களும் தெரியாதுன்னுதான் சொன்னாங்க. சொல்லிட்டு, திரும்பி அப்பா மூஞ்சியப் பாத்தாங்க. செத்தது தன் மவன்னு புரிஞ்சிருச்சு." அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழுதா தெரிஞ்சிரும்ல? பால் வாளிய எடுத்துக்கிட்டு மரம் வெட்டப் போயிட்டாங்க. சாகுற வரைக்கும் அதப்பத்தி வாயத் தொறக்கல."

அந்த அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாராவது கேட்டால், "மவன் சிங்கப்பூருல இருக்கான்" என்பார். தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கென்று ஒரு சட்டை எடுத்து வைப்பார். அவருக்குப் புத்தி சரியில்லை என்று நாங்கள் பிள்ளைகள் பேசிக்கொள்வோம்.

இதையெல்லாம் அருங்காட்சியகத்துக்கு எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன்.

"உங்க தாத்தா பேர எழுதச் சொல்லு. மத்தது வேணாம். அந்தப் பையனோட அம்மாவுக்குப் பேரப்புள்ளைங்க இங்கதான் டவுன்ல இருக்காங்க. சித்தப்பா சிங்கப்பூருல காணாமப் போனாருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. இப்பப் போயி என்னான்னு சொல்றது?"

அப்படியே எழுதினேன். பல மாதம் கழித்து, வரைந்தவர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயரைச் சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. மற்றபடி எதையும் அவர்கள் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத பெரியப்பா, சுட்டுக் கொல்லப்பட்ட பயங்கரவாதியாக அங்கே இருக்கிறார். திடலில் கிடந்தவனை எங்கே புதைத்தார்கள் என்று அத்தைக்கும் தெரியவில்லை.