எட்டாத கம்பி

வேங்கடசாமி தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உக்கடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகும் வண்டி. எவ்வளவு கூட்டமானாலும் எதையும் பிடிக்காமல், இரண்டு கையையும் விட்டு நின்று சீட்டுக் கிழித்துப் பழகிய உடம்பு. விழுவது என்பது மற்றவர்களுக்கு நடக்கிற காரியம் என்றே அவர் நினைத்திருந்தார்.

அவருடைய மனைவி மயிலாத்தாள், கோவை கணபதியில் இருக்கும் அவர்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு முறிந்தது. அறுவை செய்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எலும்புப்புரை என்றார். எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகியிருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்றும் சொன்னார். மகள் இளவேனில், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சத்தியமங்கலத்துக்குத் தன் வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"ஊட்டை மொதல்ல சரி பண்ணுங்கப்பா. அப்பறந்தான் அம்மா அங்க வருவாங்க."

வேங்கடசாமி சரி பண்ணினார். குளியலறையின் வழவழப்பான தரைக்கல்லைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான கல் பதித்தார். வாசற்படியில் இடறும் மேட்டை உடைத்துச் சமமாக்கினார். கால்மிதியாகக் கிடந்த பழைய சேலைத் துணிகளை அள்ளி வெளியே போட்டார். படுத்தபடியே விளக்குப் போடக் கட்டிலை ஒட்டி ஒரு சுவிட்ச். அவள் வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டுமென்று சுவர்களுக்கெல்லாம் புதுப் பெயிண்ட். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மகளுக்குப் படம் அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

கடைசியாகக் குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி. பிளம்பர் யூசுப் துளை போடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"எவ்வளவு ஒசரமுங்ணா?"

"உங்கக்கா எந்தோளுக்கு வருவா. அதுக்குத் தகுந்தாப்புல வெய்யி."

"அக்கா வந்து நின்னு பாத்தப்பறம் வெச்சுக்கலாமுங்ணா."

"கட்டிக்கிட்டவன் நானு. எனக்குத் தெரியாதா? போடப்பா."

யூசுப் போட்டான்.

மருத்துவரிடம் மறுபடி காட்டுவதற்குக் கோவை வந்த அன்று, திரும்பும் வழியில் இளவேனில் காரை வீட்டுக்கு விட்டாள். மயிலாத்தாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தாள். நாலு சுவரையும் பார்த்தாள்.

"யாரு ஊட்டுக்கோ வந்தாப்புல இருக்குதுங்க."

வேங்கடசாமிக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கம்பியைக் காட்டினார். அவள் வாக்கரை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். கூன் விழுந்த முதுகு பாதிக்கு மேல் கையை விடவில்லை. கம்பி அவள் முகத்துக்கு நேரே பளபளத்தது.

"ஏனுங்க, இது புடிச்சு நடக்கறதுக்கா, பஸ்ஸுல தொங்கறதுக்கா?"

"சீட்டும் கிழிச்சுக் குடுத்துருங்கப்பா" என்று மகள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோயிற்று. அவளுடைய உச்சி வகிடு அவர் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. தோளுக்கு வந்தவள் எப்போது இவ்வளவு குறுகினாள்? ஒரே நாளில் குறுகியிருக்க முடியாது. அவர் விடியுமுன் வண்டிக்குப் போயிருந்த நாட்களில், ஓய்வு பெற்ற பின்னும் காலையானால் பழைய ஆட்களோடு டீ குடிக்க உக்கடம் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசிவிட்டு உச்சிவேளைக்குத் திரும்பிய நாட்களில், அவள் இங்கே மழையில் கரையும் மண்சுவர்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் விழுந்ததும் அப்படியொரு காலையில்தான்.

திரும்பும்போது அவளுடைய வலக்கை தானாக வாக்கரை விட்டுச் சுவரைத் தேடியது. இடுப்பளவு உயரத்தில் விரல்கள் புதுப் பெயிண்டின் மேல் நின்று தடவின.

"இங்கெல்லாம் கறுப்பா இருக்குமேங்க?"

"அழுக்கு. சொரண்டி எடுத்துப்போட்டுத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

"அழுக்கில்லீங்க, என் கை. அதைப் புடிச்சுட்டுத்தான போவேன்."

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோதெல்லாம், எண்ணெய்க் கையைச் சுவரில் துடைக்கிறாய் என்று அவளை வைதிருக்கிறார். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. படுக்கையிலிருந்து குளியலறைவரை அவள் கை போட்டுவைத்திருந்த தடத்தைப் பார்த்து வைத்திருந்தால், யூசுப்பிடம் அளவு சொல்லியிருக்கலாம்.

"அப்படியே நில்லு, கையை எடுக்காதே" என்று சொல்லிவிட்டு ஒரு பென்சிலைத் தேடிக்கொண்டு வந்தார். அவள் உள்ளங்கையை ஒட்டி ஒரு கோடு போட்டார். "கூசுதுங்க" என்றாள் அவள். குளியலறைக்குள்ளும் அதே மட்டத்துக்குக் கோடு இழுத்தார்.

"நாளைக்கே எறக்கி வெக்கச் சொல்லிப்போடறேன். வந்துருவியா?"

மயிலாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து புது சுவிட்சை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. அணைத்தாள்.

"காத்தால நீங்க ஸ்டாண்டுக்குப் போயிருவீங்கல்லங்க?"

மழை வருமா என்று கேட்கிறமாதிரிதான் கேட்டாள். அதில் குற்றஞ்சாட்டுகிற தொனியே இல்லை.

"உழுந்ததுகூடப் பரவால்லீங்க. கூப்புட்டுக்கிட்டே கெடந்தேன். கொழாயில தண்ணி போய்ட்டே இருந்துச்சு. அதையாச்சும் நிறுத்தலாம்னு பாத்தேன். எட்டுலீங்க."

இளவேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இனிமே போகமாட்டேன்" என்றார் வேங்கடசாமி.

"நீங்களா?" அவள் நிஜமாகவே சிரித்தாள். "செத்த நேரம் ஊட்டுல இருந்தா உங்களுக்குக் காலரிக்குமே. நான் கொஞ்ச நாளு அங்கயே இருக்கறனுங்க. இவ மாமியாரு பேசிக்கிட்டே இருக்கும், தலைவலிதான். இருந்தாலும் ஊட்டுக்குள்ள ஒரு சத்தம் கேக்குது."

கார் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே யூசுப் வந்து கம்பியைக் கோட்டுக்கு இறக்கினான். பழைய துளைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்தான். அவன் போனபின் வேங்கடசாமி அதைப் பிடித்துப் பார்த்தார். நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

ஸ்டாண்டிலிருந்து கோவிந்தராஜுலு கூப்பிட்டார். இவருடைய வண்டியில் டிரைவராக இருந்தவர்.

"ஏனப்பா, டீ ஆறுது. எங்க வந்துட்டிருக்கறே?"

"நான் வல்லப்பா."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. ஊட்டுல இருக்கறேன்."

"ஊட்டுல உக்காந்து என்னத்தப் பண்ணுவே?"

வேங்கடசாமி போனை வைத்தார். நாற்காலியைக் கூடத்தில் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை. சத்தியமங்கலம் ரோட்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனபோது கால்கள் தாமாக எழப் பார்த்தன. உட்காரவைத்தார். இந்த நேரத்தில் இந்த வீடு இப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. ஜன்னல் வெயில் தரையில் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு தூரம் கேட்கும் என்று தோன்றியது. யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

கடைசியில் சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டார்.

"கம்பி எறக்கியாச்சு."

"சரிங்க."

"இன்னைக்கு ஸ்டாண்டுக்குப் போகல."

மறுமுனையில் மகளுடைய மாமியாரின் பேச்சு ஓயாமல் கேட்டது.

"பாக்கலாமுங்க" என்றாள் மயிலாத்தாள். "நாளைக்கும் கூப்புடுங்க."

போனை மடியில் வைத்துக்கொண்டார். உச்சிவேளைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.