கழன்று விழுந்த வளையம்

பாண்டிருப்பைக் கடக்கும்போதுதான் வாப்பா முதல் தடவையாக நின்றார். மருதமுனையிலிருந்து அதுவரை இருவரும் நடந்தே வந்திருந்தோம். எதிரே சைக்கிளில் வந்த தெரிந்த வயற்காரர் ஒருவர் காலை ஊன்றி, "கார் எங்க காக்கா?" என்று கேட்டார்.

"மகளுக்குக் குடுத்தாச்சு."

"அப்ப இனிக் கால் ரெண்டுக்கும்தான் ஹயர்."

வாப்பா சிரித்தார். நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் காரை ஓடவைத்தவன் நான் என்ற பெருமை உடம்பு முழுக்க இருந்தது.

பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு மூத்தவள், ராத்தாவுக்கு, வீடு என்பதில் பேச்சே இல்லை. மருதமுனை மாப்பிள்ளைக்கு உடுக்கிற சாரம் விற்கும் வியாபாரம். அதற்கு வாப்பாவின் காரையும் கேட்டார்கள். வாப்பா ஓம், தாறன் என்றுவிட்டார். வாடகைக்கு ஹயர் ஓடிய பழைய கார் அது. விடியற்காலையில் மீன்பெட்டியும் ஏற்றுவார். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் வருடக்கணக்காக வடிந்து, பின் சக்கரச் சில்லு ஒன்று சுழலும் பெயாரிங் கறளேறித் துருப்பிடித்துப் போயிருந்தது. கார் ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையின் வாப்பா சொன்னார்: "ஓடுற காரெண்டா வியாழக்கிழமை கொண்டுவந்து தாங்க தம்பி. ஓடாட்டி உங்கட வாசல்லயே கிடக்கட்டும். நாங்க குறை சொல்ல மாட்டம்."

செவ்வாய்க்கிழமை வாப்பா சில்லைக் கழற்றினார். அதைத் தாங்கும் ஹப்பையும் கழற்றி எடுத்தார். ஆனால் பெயாரிங்கின் வெளிவளையம் ஹப்போடு ஒட்டி ஒரே இரும்பாகிக் கிடந்தது. தேங்காய்ச் சிரட்டைத் தீயில் ஹப்பைச் சுடவைத்து, சூடு ஆறுமுன் தட்டினால்தான் அது இளகும். வாப்பா சுடவைப்பார். இரண்டு தட்டுத் தட்டுவார். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு கேட்கும். சுத்தியலை வைத்துவிட்டு எழும்பிப் போவார். திரும்பி வரும்போது இரும்பு குளிர்ந்து பழையபடி இறுகியிருக்கும். ஹயர் ஓடும் நாட்களில் எல்லாத் தொழுகையையும் பிந்தித் தொழுகிறவர், அந்த இரண்டு நாளும் முதல் வரிசையில் நின்றார்.

கார் திருத்தும் கராஜ்காரரைக் கூப்பிடச் சொன்னா உம்மா. அவனாலும் ஏலாது என்றார் வாப்பா. உம்மா அவரை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனா.

புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாப்பா போனதும் நான் பள்ளிவாசலுக்குப் போகாமல் கிணற்றடியில் ஒளிந்துகொண்டேன். தீ அணையவில்லை. இன்னும் நாலு சிரட்டை போட்டேன். ஹப்பில் சொட்டிய தண்ணீர் சீறி மறைந்ததும், ஈரச்சாக்கால் பிடித்து இரண்டு கல்லின் மேல் கவிழ்த்து வைத்தேன். பழைய போல்ட் ஒன்றை உள்ளே கொடுத்து இடம் ஒரு தட்டு, வலம் ஒரு தட்டு. ஒரே பக்கம் அடித்தால் வளையம் கோணி இன்னும் இறுகிவிடும். பார்த்துப் பார்த்து அவ்வளவு தெரிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு தட்டில் சத்தம் மாறியது. பிறகு வளையம் மணலில் விழுந்து புகைந்தது.

வாப்பா தொப்பியோடு வந்து நின்றார்.

"ஆர் கழட்டின?"

"நான்தான் வாப்பா."

"தனியாவா?"

"ஓம்."

தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குந்தியிருந்து அந்த வளையத்தைக் கையில் எடுத்தார். நிச்சயம் சுட்டிருக்கும். கீழே போடவில்லை. கெட்டிக்காரன் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வாங்கி வைத்திருந்த புதுப் பெயாரிங்கை எடுத்துவரச் சொன்னார். இரண்டு நாள் முடியாமல் நின்ற கை, பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுமுன்னே சில்லைப் பூட்டி முடித்தது.

சொன்ன சொல்லை மீறத் தெரியாத மனிதர் அவர். கழலாத இரும்பு ஒன்றுதான் காரை வைத்துக்கொள்ள அவருக்கு இருந்த வழி. கார் ஓடாவிட்டால் வாக்கும் இல்லை, குறையும் இல்லை, கலியாணமும் நடக்கும். வீட்டுச் சோறும் என் படிப்பும் அந்தக் காரில்தான் வந்தன. இது விளங்க எனக்கு ஊர் ஊராகப் பல வருடம் திரிய வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய அந்த நடையில், பாண்டிருப்பிலிருந்து எங்கள் வீடிருந்த கல்முனைக்குடி வரையும் வாப்பா தெருவின் ஓரத்தை விட்டு விலகாமல் நடந்தார். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னைக் கையால் ஒதுக்கினார்.

அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நின்ற என்னை வாப்பா வேறு பக்கம் கூட்டிப் போனார். கராஜ்காரரிடம், என் முகத்தைப் பார்க்காமல், "இவன் பெயாரிங் கழட்டுவான்" என்றார்.

வெளியாளிடம் வாப்பா என்னைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பரிசு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவர் திரும்பிப் போவதைக்கூடப் பார்க்காமல் ஒரு லொறியின் அடியில் புகுந்தேன்.