செவலையின் வயிற்றில் கிடைத்த கடைப் பெயர்

1. முதல் ஆபரேஷன்

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு சிறிய கால்நடை மருந்தகத்தில் டாக்டராகச் சேர்ந்தேன். முதல் வாரமே பெரிய டாக்டர் நீண்ட லீவில் போய்விட்டார். மிச்சம் நானும் உதவியாளர் தேவராஜும்தான். அன்று காலை கன்னியம்மா தன் பசு செவலையை ஓட்டிவந்தார். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவர். பின்னாலேயே ஒரு மாட்டுத் தரகர்.

"நாலு நாளா அசை போடல, சாணி போடல. இன்னா மருந்து குடுத்தும் கேக்கல. இவரு அடிமாட்டுக்கு இப்பவே ஓட்டினு போறேங்கிறாரு," என்றார் கன்னியம்மா.

மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் முஷ்டியால் அழுத்தினேன். பிசைந்த மாவில் விழுவது போலக் குழி விழுந்து அப்படியே நின்றது. தெருவில் மேயும் மாடு. மீந்த சோற்றைக் கேரி பேக்கில் முடிந்து வீசுகிறார்கள். மாடு பையோடு விழுங்குகிறது.

"வயித்தத் திறந்து பாக்கணும்மா," என்றேன்.

தரகர் சிரித்தார். "உசுரோட இருக்கறப்பவே குடுத்துடு கன்னிமா."

கன்னியம்மா என்னையே பார்த்தார். "இதுக்கு முன்ன செஞ்சிருக்கியாம்மா?"

"காலேஜ்ல சார் செய்யறப்ப கூட நின்னிருக்கேன். தனியா செஞ்சதில்ல."

மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "சரி, செய்யி. நான் தலையப் புடிச்சிக்கறேன்."

லோக்கல் அனஸ்தீசியா போட்டு, மாட்டை நிற்கவைத்தே விலாவைத் திறந்தேன். இரைப்பைக்குள் தோள் வரை கையை விட்டதும் விரலில் கயிறு போல ஏதோ சிக்கியது. இழுத்தேன். பிளாஸ்டிக் பைகள், முறுக்கேறிய வடமாக வந்துகொண்டே இருந்தன. என் கை மரத்துப்போனது. தேவராஜ் இரண்டு வாளிகளை நிரப்பி, மூன்றாவதைத் தேடி ஓடினார். தையல் போட்டு முடித்தபோது செவலை நான்கு காலிலும் நின்றுகொண்டிருந்தது. தரகரைக் காணவில்லை.

2. கூடையோடு கடைத்தெருவுக்கு

வாளிகளில் இருந்ததைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். கன்னியம்மா மறித்தார். "அத என்னாண்ட குடு." குழாயடியில் ஒவ்வொரு பையாக அலசி, கூடையில் அடுக்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் செவலை அசை போட்டது. நானும் தேவராஜும் வேலையை நிறுத்திவிட்டு அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றே கன்னியம்மா கூடையோடு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

முதலில் ராமமூர்த்தியின் மளிகைக் கடை. கல்லாவுக்கு எதிரில் கன்னியம்மா ஒரு பையை விரித்துப் பிடித்தார்.

"என் மாட்டு வயித்துல இருந்து எடுத்தது. இன்னா பேரு போட்டுக்கீதுன்னு படி நைனா."

சிவப்பு எழுத்து அழியாமல் இருந்தது. அவர் கடைப் பெயர்தான்.

"குப்பையில போடறது யாரோ. நான் இன்னா பண்ண முடியும்?"

"குடுக்காம இருக்க முடியும்."

பருப்பு வாங்க வந்திருந்த மாமி ஒருவர் குறுக்கிட்டார். "அப்போ நாங்க கையில அள்ளிண்டா போறது?"

ராமமூர்த்தி பழைய பேப்பர் ஒன்றை உருவினார். பருப்பைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, சணல் சுற்றி மாமியிடம் நீட்டினார். மறுநாள் காலை கடை வாசலில் அட்டை தொங்கியது: "கவர் கிடையாது. பை கொண்டு வரவும்."

கன்னியம்மா விடவில்லை. தினமும் பால் ஊற்றி முடித்ததும் கூடையோடு இரண்டு கடை ஏறினார். கோபித்தவர்களும் உண்டு. அவர்களிடம் மறுநாளும் போனார். அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் தெருவில் ஒரு கடையிலும் கேரி பேக் இல்லை. பூக்காரர்கள் இலையில் கட்டினார்கள். மாமி இரண்டு துணிப்பைகளோடு வந்தார். பெரிய டாக்டர் திரும்பியதும் தேவராஜ் அவரை அந்தத் தெரு முழுக்க நடத்திக் காட்டினார்.

பிறகு எத்தனையோ நாடுகளில் கேரி பேக்குக்குத் தடை வந்தது. பல வருடம் கழித்து நம் ஊரிலும் வந்தது. செய்தி படிக்கும்போதெல்லாம், நாங்கள் முன்னாலேயே முடித்துவிட்டோம் என்று எனக்குக் கர்வமாக இருக்கும்.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். வயிற்றிலிருந்து எடுத்ததைப் புதைக்க அவசரப்படாதீர்கள். முதலில் மாட்டுக்காரரிடம் காட்டுங்கள். அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.