முதலாளியின் பழுப்பு வேட்டி

சேவூர் பக்கம் ஒரு பிளீச்சிங் யூனிட்டில் நான் லேப் இன்சார்ஜ். புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீருக்கு மாறிய முதல் வாரமே, குழந்தை உடுப்புக்கான வெள்ளைத் துணியில் பொடிப்பொடியாக ஓட்டைகள். பழி, எங்கள் நூலைத் துணியாக நிட்டிங் செய்து தரும் சரஸ்வதியக்கா மேல் விழுந்தது.

“நீடில் ஒடஞ்ச மெஷின்ல ஓட்டியிருக்காங்க. இனி அந்தம்மிணிக்கு நூல் அனுப்பாதீங்க” என்றார் முதலாளி.

அக்கா நேரிலேயே வந்துவிட்டார். “ஏனுங்க, நீடில் போனா ஓட்டை ஒரே கோட்டுலதானுங்க வரும். இது அம்மை போட்டாப்பல எங்க பாத்தாலும் இருக்குதுங்களே! உங்க தண்ணியப் பாருங்க.”

முதலாளிக்குச் சுருக்கென்றது. அந்த போருக்குப் பூஜை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் டம்ளரில் தண்ணீர் கொடுத்தவர் அவர். “கண்ணாடியாட்டம் இருக்குது! ஊட்டுக்கே அதத்தான் லைன் இழுத்திருக்கறேன்.”

ஊடு என்றதும் அவர் வேட்டியைப் பார்த்தேன். பளீரென்ற வெள்ளையில்தான் கட்டுவார். அன்று பழுப்பேறியிருந்தது.

“வேட்டி என்னங்க இப்படி?”

“ஊட்டுல சோப்ப மாத்திப்போட்டாங்க. காலைல அதுக்கொரு சண்டை!”

அக்காவின் வெளுக்காத துணியில் ஒரு துண்டை போர் தண்ணீரிலும், இன்னொன்றைப் பழைய கிணற்றுத் தண்ணீரிலும் ஒரே ரெசிபியில் பிளீச் செய்தேன். போர் தண்ணீரில் போட்டது மட்டும் பொத்துப்போனது. வெளி லேப் ரிப்போர்ட்டில் இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மேல். அவை வெளுக்கப் போடும் பெராக்சைடைத் தூண்டிவிட்டுத் துணியை அரிக்கின்றன. காற்றுப்பட்டால் பழுப்பாகி வெள்ளையில் படிகின்றன.

“பக்கத்துல ஒரு சாயப்பட்டறைகூட இல்லீங்களே, யாரு கலந்தது?” என்றார் முதலாளி.

“யாரும் கலக்கலீங்க. ஆழத்துல பாறையிலயே இருக்குது. அதுல ஊறித்தான் வருது.”

“அப்ப எல்லாத்துக்கும் பாறையத்தான் டம்ளர்ல குடுத்தனா!” என்று சிரித்தவர், அக்காவுக்கு அவரே போன் போட்டார். “தப்பு எங்க தண்ணியிலதானுங்க அம்மிணி. நூல் வண்டி இப்பவே வருது.”

“நூல் வரட்டுங்க. தண்ணி மட்டும் குடுத்துவிட்றாதீங்க!”

ஃபில்டர் வைக்கும்வரை அந்த போரை நிறுத்தினோம். லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆயுத பூஜைக்கு வெள்ளை வேட்டியோடு முதலாளி வந்தார். கூட வந்த அவர் வீட்டம்மா என்னிடம், “சார், தண்ணிக்கு ரிப்போர்ட் வந்துச்சாமே. எஞ்சோப்புக்கும் ஒண்ணு குடுங்க” என்றார்.

ஒரு தாளில் எழுதி லேப் சீல் குத்திக் கொடுத்தேன்: ‘சோப்பு - பாஸ்.’