கூரைக்குக் கேட்ட சத்தியம்

என் வீட்டுக் கூரையை நாசமாக்கியவர் எனக்கு அண்ணன் முறை. கூடப் பிறந்தவர் இல்லை. அவருடைய கடைசிப் பெண்ணின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். அதில் ஒட்டிக்கொண்ட உறவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், படித்த பொம்பளை, பள்ளிக்கூடத்தில் டீச்சர், இவளா இப்படி ஏமாந்தாள் என்று கேட்பீர்கள். ஏமாறத்தான் செய்தேன்.

ஆவூருக்குக் கிழக்கே, பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை பூசைக்கு வந்துபோகும் சின்ன ஊர் எங்களுடையது. ராஜா ஆட்சி முடிந்து, சமஸ்தானம் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்த என் கணவர் நெஞ்சில் நோயோடு திரும்பி வந்தார். திருச்சி டாக்டர் ஊசி மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "ஈரம் ஆகாதும்மா. மழைக்காலம் முழுக்க அவர் படுக்குற எடம் காய்ஞ்சு இருக்கணும். நான் குடுக்குற மருந்தைவிட அதுதான் முக்கியம்" என்றார்.

எங்கள் வீடு பழைய நாட்டு ஓட்டு வீடு. மழை பெய்தால் வீட்டிலிருக்கும் அண்டா குண்டா எல்லாம் தரைக்கு வந்துவிடும். அதனால் நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுச் சீமை ஓடு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அண்ணன்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூரை வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். வேறு யாரையாவது கூப்பிட்டிருந்தால் அவர் மனம் கோணியிருக்கும். எனக்கும் வேறு யாரையும் தோன்றவில்லை. "ஒனக்கு எதுக்குத் தங்கச்சி கவலை? மச்சான் மேல ஒரு சொட்டு விழாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஏணியில் ஏறினார்.

ஆனி மாதம் வேலை முடிந்தது. செக்கச்செவேல் என்று புது ஓடு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே நின்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஆவணியில் ஒரு நாள் இடியோடு மழை கொட்டியது. தண்ணீர் நேராக என் கணவர் கட்டில் மேல் விழுந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். "மயில் வேலை தங்கச்சி. உக்காந்து ஓட்டைத் தள்ளிருக்கு" என்றார். விராலிமலைப் பக்கம் மயில் உண்டுதான். என் வீட்டு முகட்டில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று ஓடுகளை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்தினார், காப்பி குடித்தார், போனார். அடுத்த மழைக்கு ஒழுகல் இரண்டடி தள்ளிப் போயிருந்தது. இந்தத் தடவை காற்று வேலை. அதற்கடுத்த மழைக்கு ஒரு புது விளக்கம் வந்தது. "புது ஓடுல்ல? ரெண்டு மூணு மழை குடிச்சாத்தான் அடங்கும்." குடிக்கட்டும், ஆனால் என் புருஷன் தலைக்கு மேலா குடிக்க வேண்டும்?

ஒவ்வொரு மழைக்கும் கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டேன். "கொழும்புக்குப் போனதைவிட இந்த வீட்டுக்குள்ளதான் நான் அதிக தூரம் போயிருக்கேன்" என்று அவர் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அதனால் சிரிக்காதீர்கள் என்று அவரை அதட்டுவேன்.

புரட்டாசியில் பள்ளிக்கூட வராந்தாவைச் செப்பனிடக் குளத்தூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். கையைக் காலைப் பிடித்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் கூரை மேல் ஏறக்கூட இல்லை. வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வாட்டம் பத்தலைங்க டீச்சர். கூரை சரிவா இல்ல, படுத்துக் கெடக்கு. தண்ணி ஓடாம ஓட்டுக்கடியில ஏறுது. ஓட்டைத் தாங்குற கைமரம் நீளம் கொறைஞ்சா முகடு தாழ்ந்து போகும். மொத்தமாப் பிரிச்சு, வேற கைமரம் போட்டுத்தான் மேயணும்" என்றார். நீங்களே செய்து கொடுங்கள் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒருத்தர் கை வச்ச கூரை. தப்புன்னு அவரு ஒத்துக்கணும், இல்ல ஊரு சொல்லணும். அது வரைக்கும் எங்காளுக யாரும் ஏற மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, அண்ணன் வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் என் வீட்டுக்கு வேறு கூரை. ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நான் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது, முப்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "கைமரத்தை ஏன் கொறைச்சீங்க?" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. தெருவில் நின்று பார்ப்பவர்களைப் பார்த்தார். "நானா? நானா கொறைச்சேன்? ஊரைக் கூட்டு. எம்புள்ளையப் போட்டுத் தாண்டுறேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. பெற்ற பிள்ளையைத் தரையில் கிடத்தி, நான் சொல்வது பொய்யானால் இந்தப் பிள்ளை எனக்கு இல்லை என்று சொல்லித் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் அவர் பக்கம் நியாயம். தாண்டாமல் பின்வாங்கினால் வழக்குப் போட்டவர் பக்கம். இன்னொரு ஏற்பாடும் உண்டு: வழக்குப் போட்டவர் தன் வாயால் "தாண்டு" என்று சொல்ல வேண்டும். சொல்ல மனம் வராவிட்டால் வழக்கு அத்தோடு செத்தது. சாமியார் இதெல்லாம் பாவம் என்று எத்தனையோ பிரசங்கம் வைத்திருந்தார். அதனால் அவர் வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தார்கள்.

தாண்ட மாட்டார் என்றுதான் நான் நம்பினேன். வீறாப்பில் சொல்லிவிட்டார், பிள்ளையைத் தரையில் பார்த்ததும் கால் வராது, ஒத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். எனக்கு இந்தச் சத்தியங்களில் நம்பிக்கையும் கிடையாது. பிள்ளைக்கு என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை ஏன் அத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் கிடந்த என் கணவரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"அவரு தாண்டிருவாரு மதினி. அவரு வீம்பு ஒங்களுக்குத் தெரியாது. தாண்டுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"அப்ப கைமரத்தைக் கொறைச்சது நெசந்தானா?"

பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"நீ வந்து ஊர்ல சொல்லு. சத்தியமே வேணாம்."

"நான் எப்புடி மதினி சொல்லுவேன்? நான் அந்த வீட்டுல இருக்க வேணாமா?"

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? பிள்ளை என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தது. எட்டு மாதக் குழந்தை. எனக்குப் பிள்ளை இல்லை. ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் நின்று, இந்தக் குழந்தைக்காக நான் பிசாசை விட்டுவிடுகிறேன் என்று அதன் சார்பில் பதில் சொன்னது இந்த வாய்தான்.

அவர்கள் போன பிறகு என் கணவரிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "எனக்காகன்னு எதையும் செய்யாத. பெறகு என்னைப் பாக்கும்போதெல்லாம் ஒனக்கு அதுதான் தோணும்" என்றார். அதற்கு எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் கூடினோம். சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார்தான் நடுவர். பாவத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அண்ணன் துண்டை விரித்துப் பிள்ளையை அதில் கிடத்தினார். அது காலை உதைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தது. "வேலையில நான் ஒரு தப்பும் பண்ணலை. பண்ணியிருந்தா இந்தப் புள்ள எனக்கில்லை" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு காலைத் தூக்கினார்.

"சொல்லுங்க டீச்சர்" என்றார் உபதேசியார், மரத்தைப் பார்த்தபடி.

தூக்கிய கால் நடுங்கியது. நான் பார்த்தேன். பாதம் மட்டும் விட்டுவிட்டு நடுங்கியது. நான் "தாண்டு" என்று சொல்லியிருந்தால் அந்தக் கால் திரும்ப மண்ணில்தான் விழுந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, தாண்டியிருப்பார் என்று மறுநாள் தோன்றும். இத்தனை வருடத்தில் எனக்கு இது தீரவில்லை. அப்போது குழந்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டது. பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது.

நான் போய்த் தூக்கிக்கொண்டேன்.

"டீச்சர் சத்தியம் கேக்கலை. வழக்கு முடிஞ்சுது" என்றார் உபதேசியார். பிறகுதான் திரும்பினார்.

அதற்குப் பிறகு என் கூரையில் குறை இல்லை என்று ஆகிவிட்டது. குறையில்லாத கூரையைச் சரிசெய்ய யார் வருவார்கள்? குளத்தூருக்கு ஆள் அனுப்பினேன், விராலிமலைக்கு நானே போனேன். விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வாரேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டின் மேல் பனையோலை பரப்பிக் கல் வைத்தேன். ஐப்பசிக் காற்று முதல் நாளே ஓலையைக் கொண்டுபோய்விட்டது. சுவரெல்லாம் பச்சை பிடித்தது. துணி காயவில்லை. கட்டிலை இழுத்துப் போட வீட்டில் இடம் தீர்ந்துபோனது.

கார்த்திகை பாதியில் என் கணவர் இறந்தார். ஈரத்தால்தான் போனாரா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அடக்கத்தன்று பகலிலும் மழை விடவில்லை. பெட்டியை நடு வீட்டில் வைத்திருந்தார்கள். இரண்டு தடவை இடம் மாற்றியும் அவர் நெற்றியில் சொட்டு விழுந்தது. ஆட்கள் மேலே பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அண்ணன் வந்தார். வாசலில் மடக்கிய குடையை உள்ளே வந்து விரித்து, பெட்டியின் தலைமாட்டில் நின்று என் கணவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டார். ஓடு போட்ட கை ஓட்டுக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் அழுதுகொண்டிருந்தார். கத்தி அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. கத்தத் தெம்பில்லை. குடை பிடிக்க வேறு ஆளும் இல்லை.

"கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளிப் பிடிங்கண்ணே. அவரு காலு நனையுது" என்றேன்.