பெருநாள் கத்திக்கு ஒரு முரட்டுக் கல்

பினாங்கு சூலியா தெருவில் சாணை பிடித்துக்கொண்டிருந்த ஜபருல்லாவுக்குக் கவலைப்படுவது இன்னொரு தொழில். வெயில் அடித்தால் கல் காய்ந்துவிடுமே என்பார். மழை பெய்தால் யார் கத்தி கொண்டுவரப் போகிறார்கள் என்பார். தீட்டிய கத்தியை வாங்கிப் போகிறவர் பின்னாலேயே பத்தடி ஓடி, "எதுக்கும் ஒருதரம் வெட்டிப் பாத்துருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வருவார். "இந்த மனுசனுக்குக் கவலையில்லன்னா அதுவே ஒரு கவலை லா" என்பது அவர் மனைவி சித்தி ஹாஜராவின் தீர்ப்பு.

ஆனால் 1934இல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் அவர் பட்ட கவலைக்கு உண்மையிலேயே காரணம் இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

காலையிலேயே கறிக்கடை பஷீர் துணியில் சுற்றிய கத்தியோடு வந்து நின்றான். அவன் வாப்பா முப்பது வருடம் குர்பானி மாடு அறுத்த கத்தி அது. பெருநாளுக்கு மட்டும்தான் வெளியே எடுப்பார்கள். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு, போன பெருநாளில் பஷீர் முதன்முதலாக அறுத்தான். கத்தி பாதியில் இழுபட்டு நின்றுவிட்டது. மாடு துடித்ததைப் பள்ளிவாசல் முற்றமே பார்த்தது. அவனுக்குக் கை நடுங்கிவிட்டது என்றார்கள். இந்த முறையும் அப்படி நடந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தார் சொல்லிவிட்டார்கள். பஷீரும் தன் கைதான் காரணம் என்று நம்பினான்.

காரணம் கை இல்லை, ஜபருல்லாதான். போன வருடம் கத்தியின் நடுவில் விளிம்பு உடைந்து நெல் அளவுக்கு ஒரு பொக்கை இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் முனை முதல் பிடி வரை விளிம்பு முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். "வாப்பா கத்தி அண்ணே, தேய்ச்சுக் குறைச்சுராதீங்க" என்று பஷீர் கெஞ்சினான். இவரும் மனமிளகி, பொக்கை இருந்த இடத்தை மட்டும் வழித்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தார். அங்கே ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில்தான் தோல் மாட்டிக்கொண்டது.

இன்று துணியைப் பிரித்ததும் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பஷீர் போன வருட அவமானத்தில் கழுவிய ஈரத்தோடேயே சுற்றி வைத்திருக்கிறான். பினாங்குப் புழுக்கம் சும்மா விடுமா? பழைய பள்ளத்தோடு துரு தின்ற பொக்கைகளும் நாலைந்து சேர்ந்திருந்தன.

"குறைச்சுராதீங்கண்ணே" என்றான் பஷீர் மறுபடியும்.

"ம்" என்றார். அது பொய்.

அவரிடமிருந்த முரட்டுக் கல் நடுவில் குழிந்து தோணியாகிவிட்டிருந்தது. அதில் விளிம்பை நேராக்க முடியாது. சீனர் இரும்புக் கடைக்கு ஓடினார். கடை முதலாளி தவுக்கே மூன்று கற்களை எடுத்து வைத்து, கறுப்புக் கல்லைத் தட்டிக்காட்டி, வைரத்துக்கு அடுத்தபடி இதுதான் என்று மலாயில் அடித்துச் சொன்னார். வைரமாவது, வியாபாரமாவது! ஜபருல்லா ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு விரலால் சுண்டினார். ஒன்று பொத்தென்றது, உள்ளே விரிசல். மற்ற இரண்டும் கணீரென்றன. அதில் ஒன்று நடுத்தரச் சொரசொரப்பு. கீறல் ஆழமாக விழாது, ஆனால் இத்தனை இரும்பைத் தின்ன இரண்டு நாளாகும். மற்றது அந்தக் கறுப்பு, நொய்யரிசி போட்டு வார்த்தது மாதிரி. மாலை அசர் தொழுகைக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் கொஞ்சம் அதிகம் போய்விட்டால் அதன் கீறலே விளிம்பில் புதுப் பல்லாக நிற்கும். எதை எடுத்தாலும் பயம். கடை வாசலில் நின்று மூன்று தரம் மாற்றி எடுத்துவிட்டுக் கடைசியில் கறுப்பையே வாங்கினார்.

உட்கார்ந்ததும், கல்லையே அரிவது போல விளிம்பை நேராகக் கல்லின் மேல் இழுத்தார். பொக்கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கத்தி மொட்டையாகி, விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. இனி இரண்டு பக்கமும் தேய்த்து அந்தக் கோட்டைக் கரைக்க வேண்டும். முழுக்கக் கரையும்வரை முரட்டுக் கல்லில் வைத்தால் கெட்டது. முடியிழை அளவு மிச்சம் விட்டு மெல்லிய கல்லுக்கு மாற்ற வேண்டும். அன்று அரஃபா நோன்பு வேறு, தண்ணீர் குடிக்க முடியாமல் நாக்கு வறண்டது. நாலு தரம் இழுப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார். மறுபடி நாலு தரம். அசர் பாங்கு சொன்னபோது மெல்லிய கல்லிலும் தேய்த்து முடித்து, நகத்தின் மேல் விளிம்பை ஓட்டினார். எங்கும் தட்டவில்லை. கத்தி மட்டும் கால் விரற்கடை ஒடுங்கிப் போயிருந்தது.

மறுநாள் தொழுகை முடிந்ததும் ஏழு பேர் பங்கு சேர்ந்து வாங்கிய மாட்டைக் கொண்டுவந்தார்கள். மாட்டின் கண்ணில் படாமல் பஷீர் கத்தியை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான். ஜபருல்லா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிஸ்மில்லாஹ் கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரே இழுப்பு என்று முற்றத்தில் பேசிக்கொண்டார்கள்.

பஷீர் அவரைத் தேடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. வலது கையை விரித்துக் காட்டினான்.

"பாத்தீங்களா அண்ணே? கை சரியாயிருச்சு!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் தீர்ந்தது. கத்தி ஒடுங்கியதைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு ஜபருல்லாவால் சும்மா நிற்க முடியவில்லை.

"ஒங்கைக்கு ஒண்ணும் இல்ல பஷீரு. போன வருசம் நாந்தான் கத்திய சரியா இறக்கல. பள்ளம் விட்டுட்டேன். தெரிஞ்சும் சொல்லல. பயந்துட்டேன்."

திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தார். பஷீர் கத்தியைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"எம்புள்ள பொறந்து எட்டு மாசமாச்சு" என்றான் மெதுவாக. "நான் இன்னும் தூக்கலண்ணே. கை நடுங்கிக் கீழ போட்டுருவேனோன்னு பயம்."

பஷீர் கத்தியை ஜபருல்லாவின் கையில் வைத்தான். குழாயடிக்குப் போய் முழங்கைவரை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினான். தோலுரிக்கக் கூப்பிட்டவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.